மாசியில் கல்யாணம், மார்ச்சில் ஈஸ்டர்: திருவழிபாட்டு ஆண்டு பற்றி வாசகர் கேள்விகள்

2026 நவம்பர் 29, ஞாயிறன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் தொடங்குகிறது. திருச்சபைக்குப் புது ஆண்டும் அன்றுதான். இதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேதிக் குழப்பம் பற்றியவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். திருவழிபாட்டு ஆண்டு இரண்டு முளைகளில் கட்டப்பட்டது. ஒன்று டிசம்பர் 25, அது அசையாது. மற்றொன்று ஈஸ்டர், அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள கேள்விகள் பலவற்றுக்கும் வேர் இந்த இரண்டும் ஒத்துப்போகாததில் இருக்கிறது.

திருவருகைக்காலம் நான்கு வாரம் என்கிறார்கள். ஆனால் 2023-இல் நான்காம் ஞாயிறு காலையில் வந்தது, அன்று இரவே கிறிஸ்துமஸ் திருப்பலியும் வந்துவிட்டது. நாள் கணக்கே கிடையாதா?
— வாசகர், திண்டுக்கல்

ஞாயிறு கணக்கு உண்டு, நாள் கணக்கு கிடையாது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு எதுவோ அதுவே திருவருகைக்கால முதல் ஞாயிறு. எனவே அது நவம்பர் 27-க்கு முன்னும் வராது, டிசம்பர் 3-க்குப் பின்னும் வராது. ஞாயிறுகள் எப்போதும் நான்கு. நாள்கள் மட்டும் 22 முதல் 28 வரை மாறும். கிறிஸ்துமஸ் திங்களன்று வந்தால் 22 நாள்; அது 2023-இல் நடந்தது, 2028-இலும் நடக்கும். இந்த ஆண்டு 26 நாள்.

22 நாள் வரும் ஆண்டில் கோயில்பிள்ளைக்குத்தான் (கோயில் பணியாளருக்குத்தான்) சோதனை. காலைத் திருப்பலி ஊதா உடையில், பூ இல்லாத பீடத்தில் முடியும். மாலைக்குள் வெள்ளை விரிப்பு, பூ, குடில் எல்லாம் தயாராக வேண்டும். குடிலைச் சனிக்கிழமையே கட்டித் திரை போட்டு மூடிவிட்டால், ஞாயிறு மதியம் பீடத்தை மட்டும் கவனித்தால் போதும். பாடகர் குழுவுக்கும் அன்று மதியம் ஒத்திகை வைக்காதீர்கள். மின் அலங்காரக்காரர் ஏணியோடு கோயிலுக்குள் நிற்கும் நேரம் அது.

எங்கள் பங்குக் கோயிலில் இந்த முறை திருவருகை வளையம் வைக்கப் போகிறோம். மூன்றாவது வாரத்துக்குள் முதல் மெழுகுவர்த்தி தீர்ந்துவிடுகிறது என்று பக்கத்துப் பங்கில் சொன்னார்கள். எப்படிச் செய்வது?
— இளையோர் குழு, சிவகங்கை

வளையத்தின் தொடக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். 1839-இல் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் இல்லத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்டதால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்தார். கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது பிறகுதான் வந்தது. இப்போது வழக்கத்தில் இருப்பது நான்கு மெழுகுவர்த்தி: மூன்று ஊதா, ஒன்று ரோசா நிறம். ரோசா நிறத்தை ஏற்றுவது மூன்றாம் ஞாயிறு, இந்த ஆண்டு டிசம்பர் 13.

மெழுகுவர்த்தி தீர்வதற்குக் காரணம் தடிமன் போதாதது. ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதலாவது நான்கு ஞாயிறும் எரிய வேண்டும், நான்காவது ஒரே ஒரு ஞாயிறு. திருப்பலிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் முதலாவதுக்கு ஆறு மணி நேர எரிப்பு தேவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு திருப்பலி என்றால் பன்னிரண்டு. கடையில் பாக்கெட்டில் விற்கும் விரல் பருமன் மெழுகுவர்த்தி இதைத் தாங்காது. இரண்டு அங்குலத் தடிமன், எட்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும். கடைசி ஞாயிறன்று அவை படிப்படியாக உயரம் மாறி நிற்பதுதான் வளையத்தின் அழகு. சமமாக்க முயல வேண்டாம்.

இலைக்குச் சவுக்கு அல்லது நெட்டிலிங்கம். நம் ஊரில் இரண்டும் ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகும், சருகு சட்டென்று பற்றும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இலையை மாற்றுங்கள். அகலமான தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் ஈர மணல் பரப்பி, மெழுகுவர்த்திகளை அதில் ஊன்றி, இலையை மணல் மட்டத்திலேயே படுக்க வையுங்கள். பஞ்சுப் பனியும் பிளாஸ்டிக் இலையும் தீயருகே வேண்டவே வேண்டாம். மேலே ஓடும் மின்விசிறி ஒன்றை நிறுத்தினால் மெழுகு ஒரு பக்கமாக வழியாது.

இந்தக் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறதே, பிரியாணி சமைக்கலாமா? மாமியார் கூடாது என்கிறார்.
— வாசகி, தூத்துக்குடி

சமைக்கலாம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) கத்தோலிக்கச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த வெள்ளியில் பெருவிழா, அதாவது மிக உயர்ந்த நிலைத் திருநாள், வந்தால் கடமை விலகிவிடும் என்று அதே சட்டம் (1251) சொல்கிறது. 2026 டிசம்பர் 25 வெள்ளி. அதற்கடுத்த வெள்ளி ஜனவரி 1, மரியா இறைவனின் தாய் பெருவிழா, அன்றும் விலக்கு. 2027 மார்ச் 19 வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவே வரும் சூசையப்பர் பெருவிழா, அன்றும் விலக்குதான். மூன்றாவதில் உங்கள் மாமியார் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தோன்றுகிறது. தவக்கால வெள்ளியில் கறி வேண்டாம் என்று அவராக இருந்துகொண்டால் அதில் தவறு ஒன்றுமில்லை. விலக்கு என்பது சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டளை அல்ல.

சுத்தபோசனமும் ஒருசந்தியும் ஒன்றல்ல. சுத்தபோசனம் இறைச்சியை மட்டும் விலக்குவது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. மீன், முட்டை, பால் தடையில்லை. ஒருசந்தி ஒரு வேளை முழு உணவும், தேவைப்பட்டால் மற்ற இரு வேளை சிறிதளவும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டு அளவை எட்டக் கூடாது. இது 18 நிறைந்தவர் முதல் 59 முடியும் வரை, சட்டப்படி கட்டாயம் இரண்டே நாள்: தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வெயிலில் உடலுழைப்புச் செய்பவர்கள் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை. மருந்தும் தண்ணீரும் எந்த நோன்பையும் முறிக்காது.

ஈஸ்டர் தேதியை நாமே கணக்கிட முடியுமா? 2019-இல் மார்ச் 21-ஆம் தேதி பௌர்ணமி. ஆனால் ஈஸ்டர் ஏப்ரல் 21-இல் வந்தது. விதிப்படி மார்ச் 24-இல் அல்லவா வந்திருக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பாளையங்கோட்டை

வானத்தை அண்ணாந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் திருச்சபை பார்ப்பது வானத்தை அல்ல, அட்டவணையை.

325-இல் கூடிய நிசேயா சங்கம் எல்லாரும் ஒரே நாளில் பாஸ்கா (ஈஸ்டர்) கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்குப் பின் நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. சம இரவு பகல் நாளை வானியல் மார்ச் 20 என்று சொன்னாலும் திருச்சபைக்கு அது எப்போதும் மார்ச் 21. பௌர்ணமியும் 19 ஆண்டுச் சுழற்சியில் அமைந்த அட்டவணைப் பௌர்ணமி. உண்மை நிலவோடு ஒரு நாள் முன்பின் ஆகலாம். 2019-இல் அட்டவணைப்படி பௌர்ணமி மார்ச் 20. ஒரு நாள் முந்திவிட்டதால் அது கணக்கில் வரவில்லை. அடுத்த பௌர்ணமி, அதாவது சித்திரைப் பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு 1900 முதல் 2099 வரை பொருந்தும், கணிதர் காஸ் வகுத்த முறை பிடிக்கும். 2027-ஐ எடுத்துக்கொள்வோம்.

ஆண்டை 19-ஆல் வகுத்தால் மீதி 13. நான்கால் வகுத்தால் மீதி 3. ஏழால் வகுத்தால் மீதி 4. இனி முதல் மீதியை 19-ஆல் பெருக்கி 24 கூட்டுங்கள்: 247 + 24 = 271. இதை 30-ஆல் வகுத்தால் மீதி 1. இதை நிலவு எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இரண்டாம் மீதியின் இரு மடங்கு (6), மூன்றாம் மீதியின் நான்கு மடங்கு (16), நிலவு எண்ணின் ஆறு மடங்கு (6), இவற்றோடு 5, மொத்தம் 33. ஏழால் வகுத்தால் மீதி 5. கடைசியாக மார்ச் 22-உடன் நிலவு எண்ணையும் இந்த 5-ஐயும் கூட்டுங்கள்: 22 + 1 + 5 = 28. 2027 ஈஸ்டர் மார்ச் 28.

கூட்டுத்தொகை 31-ஐத் தாண்டினால் 31-ஐக் கழித்து ஏப்ரலில் படியுங்கள். பெரும்பாலும் பிழை நேர்வது விதிவிலக்குகளில்தான். விடை ஏப்ரல் 26 என்று வந்தால் அதை ஏப்ரல் 19 ஆக்க வேண்டும் (1981, 2076). ஏப்ரல் 25 என்று வந்து, நிலவு எண் 28 ஆகவும் முதல் மீதி 10-க்கு மேலும் இருந்தால் ஏப்ரல் 18 (1954, 2049). 2038-இல் ஏப்ரல் 25 என்றே வரும். அதன் முதல் மீதி 5 என்பதால் அதை மாற்றக் கூடாது.

பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் இன்னும் எளிய சரிபார்ப்பு உண்டு. ஈஸ்டர் பங்குனிப் பௌர்ணமியையோ சித்திரைப் பௌர்ணமியையோ ஒட்டித்தான் வரும். 2027 மார்ச் 22 பௌர்ணமி, திங்கட்கிழமை. அந்த வாரமே புனித வாரம். 2028-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16, அதனால் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒரே நாள். 2017-இலும் அப்படித்தான் வந்தது. புத்தாண்டு விருந்தை அந்த ஆண்டு தள்ளிவைக்க வேண்டியதுதான்.

தவக்காலம் 40 நாள் என்கிறோம். திருநீற்றுப் புதன் முதல் எண்ணினால் 46 வருகிறதே?
— வாசகி, கும்பகோணம்

ஞாயிறுகள் ஆறையும் கழியுங்கள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது. 2027-இல் பிப்ரவரி 10 முதல் மார்ச் 27 வரை 46 நாள், ஞாயிறு நீங்கலாக 40. இந்த 40 மரபான நோன்புக் கணக்கு. இன்றைய கத்தோலிக்க ஒழுங்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன்பே முடிந்து, பாஸ்கா முந்நாள் (அன்று மாலை முதல் ஈஸ்டர் ஞாயிறு வரை) தொடங்கிவிடுகிறது.

திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் அன்பியத்துக்கு (பங்கின் சிறு குடும்பக் குழுவுக்கு) வந்திருக்கிறது. போன ஆண்டு சாம்பல் வெளிறிப்போய் நெற்றியில் தெரியவே இல்லை; சிலருக்கு எரிச்சலும் ஏற்பட்டது. என்ன தவறு?
— அன்பியப் பொறுப்பாளர், வாடிப்பட்டி

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றே: சாம்பலுக்காக எரிக்கும் பழைய குருத்தோலை மிதமிஞ்சி எரிந்திருக்கிறது, பிறகு தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

ஓலை காற்றோட்டத்தில் முழுமையாக எரிந்தால் கரி போய், வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். அது நெற்றியில் தெரியாது. அதோடு வெள்ளைச் சாம்பலில் சாம்பற்காரம் மிகுதி. தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது காரநீராகித் தோலை அரிக்கும்; கொப்புளம் வரை போகலாம். உங்களுக்கு வேண்டியது கறுத்த சாம்பல்.

பிப்ரவரி 10 புதன். அதற்கு முந்தைய ஞாயிறு, பிப்ரவரி 7, கோயில் வாசலில் கூடை வைத்துப் பழைய குருத்தோலைகளைச் சேகரியுங்கள். சிலுவையாக முடைந்தவற்றில் குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, நைலான் நூல், ரிப்பன் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தென்னங்குருத்தென்றால் ஈர்க்கை உருவிவிடுங்கள், அது இடிபடாத கட்டிக் கரியாக நின்றுவிடும். ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் பழுப்புத் துணுக்குகள் மிஞ்சும்.

திங்கட்கிழமையே எரித்துவிடுங்கள், செவ்வாய் வரை விடாதீர்கள். திறந்த வெளியில் இரும்புச் சட்டியில் ஓலையைத் துண்டுகளாக்கிச் சிறிது சிறிதாகப் போட்டுப் பற்றவையுங்கள். சுடர் அடங்கும் தறுவாயில் தட்டால் மூடுங்கள். காற்றுப் போகாமல் உள்ளே கருகிக் கறுப்பாகும். மூடியை இரவு முழுவதும் திறக்க வேண்டாம். உள்ளே கங்கு இருந்தால் காற்றுப் பட்டதும் மறுபடி எரிந்து வெளுத்துவிடும். மறுநாள் உரலிலோ மிக்ஸியிலோ நன்றாகப் பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். மாவுச் சல்லடை போதாது, அதில் தப்பும் நறுக்குகள் நெற்றியில் கீறும். ஒரு சாக்கு ஓலைக்குக் கிடைப்பது ஒரு சிறு கிண்ணம்தான். குறைவாக இருக்கிறதே என்று அடுப்புச் சாம்பலைக் கலக்காதீர்கள். ஒரு தேக்கரண்டிச் சாம்பல் நூறு நெற்றிக்குத் தாராளமாகக் காணும்.

தலையில் தூவுவதானால் உலர்ந்தபடியே இருக்கட்டும். நெற்றியில் சிலுவை இடுவதானால் தேக்கரண்டிக்கு இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய். குழைந்துவிடக் கூடாது, விரலில் ஒட்டும் அளவுதான். மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தமும் சில துளிகளோடு நிற்கட்டும் என்று பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லிவையுங்கள். சாம்பல் இடும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் எலுமிச்சைத் துண்டும் கைத்துண்டும் வைப்பது நல்லது. வெறும் தண்ணீரில் அந்தக் கரி நகக்கண்ணைவிட்டுப் போகாது.

மகளுக்கு 2027 மாசியில் கல்யாணம் வைக்க நினைக்கிறோம். பங்கில் "தள்ளிவையுங்கள்" என்கிறார்கள். திருச்சபையில் தடையா?
— வாசகர், விருதுநகர்

முழுத் தடை இரண்டே நாளுக்கு: பெரிய வெள்ளி, பெரிய சனி. மற்ற தவக்கால நாள்களில் திருமணம் நடத்தலாம். ஆனால் காலத்தின் இயல்புக்கு ஏற்ற அடக்கத்தோடு நடத்த வேண்டும். பீடத்தில் பூ கிடையாது, வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும், அல்லேலூயா கிடையாது. இத்தனையும் விட்டுக் கல்யாணம் நடத்த எந்தக் குடும்பமும் சம்மதிப்பதில்லை. ஆகவேதான் பங்குகள் முதலிலேயே தள்ளிவைக்கச் சொல்லிவிடுகின்றன. மறைமாவட்டத்துக்கென்று தனி விதி இருந்தால் அதுவே கடைசிச் சொல்.

2027-இல் மாசி தொடங்குவதற்குள் தவக்காலம் வந்துவிடுகிறது; மாதம் முழுவதும் அதற்குள்தான். நல்ல நாள் தை மாதத்திலேயே இருக்கிறது. பிப்ரவரி 8, திங்கள் என்று வைத்தால் மூன்று ஓலைகளையும் (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்புகளையும்) ஜனவரி 17, 24, 31 ஞாயிறுகளில் வாசித்துவிடலாம். பிப்ரவரி 9 வேண்டாம். மறுநாள் விருந்து மிச்சத்தோடு ஒருசந்தி இருக்க வேண்டிவரும்.

ஈஸ்டருக்குப் பின் என்றால் ஏப்ரல் 4 வரை எட்டு நாள் கொண்டாட்டமான எண்கிழமை, அதற்குள் திருமணத் திருப்பலிக்குரிய தனிச் செபங்களைப் பயன்படுத்த முடியாது. ஏப்ரல் 5 காலியாகத் தெரியும். ஆனால் அங்கே இன்னொரு விழா வந்து உட்கார்ந்திருக்கிறது. மார்ச் 25, ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா, அந்த ஆண்டு பெரிய வியாழனில் விழுவதால் ஈஸ்டர் எண்கிழமை முடிந்த திங்கட்கிழமைக்குத் தள்ளப்படுகிறது. எனவே ஏப்ரல் 6 முதல் தாராளமாக வைக்கலாம், ஞாயிறுகளைத் தவிர்த்து.

நான் சி.எஸ்.ஐ., கணவர் ஆர்.சி. இரண்டு காலண்டரையும் ஒரே சுவரில் மாட்டியிருக்கிறோம். எது எங்கே மாறும் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.
— வாசகி, நாகர்கோவில்

முளைகள் இரண்டும் பொது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தேதிகளில் வேறுபாடு இல்லை. லெந்து, தவக்காலம் இரண்டும் ஒரே பிப்ரவரி 10-இல் தொடங்கும். சாம்பல் புதனன்று ஆராதனை மட்டும் நடத்திச் சாம்பல் பூசாத சபைகள் உங்கள் பக்கம் உண்டு.

மாறும் முதல் இடம் பரமேறுதல். ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள், மே 6 வியாழன். இந்தியக் கத்தோலிக்கர் அதை அடுத்த ஞாயிறு, மே 9-இல் கொண்டாடுகிறார்கள். பெந்தெகொஸ்தே மே 16, திரித்துவ ஞாயிறு மே 23, இவை இருவருக்கும் ஒன்றே. அதன் பிறகு கணவர் காலண்டரில் மட்டும் மே 30 கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தம், ஜூன் 4 வெள்ளி திருஇருதயம், ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு. ஜனவரி 14-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1752-இல் அந்த நாளில் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் திருநாள், உங்கள் மாவட்டத்துக்காரர். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகை, ஊருக்கு ஊர் நாள் மாறும் அசனம் (சபையார் கூடி உண்ணும் விருந்து), செப்டம்பர் 27 சி.எஸ்.ஐ. உருவான நாள் (1947) ஆகியவை தனி.

நேரம் மோதுவது பெரிய வெள்ளியில். உங்கள் பக்கத்து மும்மணி ஆராதனை பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றி. கத்தோலிக்கப் பாடுகளின் வழிபாடு 3 மணிக்கு, பல பங்குகளில் வெயிலுக்காக மாலை 5-க்கும் வைக்கிறார்கள். ஐந்து மணிக் கோயிலாகத் தேர்ந்துகொண்டால் இருவரும் இரண்டுக்கும் போகலாம்.

பாஸ்கா திரியில் (ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியில்) ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒட்டிப் பழைய திரியையே பயன்படுத்தலாமா? பாதிதான் எரிந்திருக்கிறது. கூடவே, ஈஸ்டருக்கு முந்தைய விழிப்பு இரவில் வழக்கமாக எங்கே சொதப்பும் என்றும் சொல்லுங்கள்.
— கோயில்பிள்ளை, மணப்பாறை

கூடாது. ஒவ்வொரு ஆண்டும் புதிது, ஒன்றே ஒன்று, மெழுகால் ஆனது, போதிய அளவில் பெரியது, செயற்கையானதாக இருக்கக் கூடாது என்று ரோமின் வழிபாட்டுப் பேராயம் 1988-இல் தந்த சுற்றறிக்கையில் சொல்கிறது. எண்ணெய் நிரப்பும் பிளாஸ்டிக் குழாய்த் திரிக்கும் அதில் இடமில்லை. பழையதைச் சிறு மெழுகுவர்த்திகளாக வார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் திரி மூன்றடி உயரம், இரண்டரை முதல் மூன்று அங்குலத் தடிமன் இருந்தால் ஐம்பது நாள் பாஸ்கா காலத்தையும் அதன் பின் வரும் திருமுழுக்கு, அடக்கச் சடங்குகளையும் தாங்கும். நம் மார்ச் வெயிலில் நிமிர்த்தி வைத்தால் மெதுவாக வளையும். துணியில் சுற்றி, சமமான பலகையில் படுக்க வையுங்கள்.

திரியில் குருவானவர் கீறும் வரிசை: முதலில் சிலுவையின் நெடுக்குக் கோடு, பிறகு குறுக்குக் கோடு, மேலே ஆல்பா, கீழே ஒமேகா. பிறகு நான்கு மூலையில் ஆண்டு எண்: 2027 என்றால் மேல் இடப்பக்கம் 2, மேல் வலப்பக்கம் 0, கீழ் இடப்பக்கம் 2, கீழ் வலப்பக்கம் 7. அடுத்து ஐந்து சாம்பிராணி மணிகள்: மேல், நடு, கீழ், இடம், வலம். மணி உதிர்வதுதான் எல்லா ஊரிலும் நடப்பது. மாலையிலேயே சூடான ஆணியால் ஐந்து துளை போட்டு வைத்தால் அழுத்தியதும் நிற்கும். இருட்டில் புதிதாகக் குத்த முயன்றால் மெழுகு பிளக்கும்.

நேரம்: இரவு இருட்டிய பின்தான் தொடங்க வேண்டும். மார்ச் 27 அன்று நம் பக்கம் சூரியன் மறைவது ஆறரை மணி வாக்கில். ஏழரைக்கு முன் வைக்காதீர்கள். புதுத் தீக்கு மண்ணெண்ணெயைத் தவிர்த்து, உலர்ந்த தேங்காய் மட்டையும் கற்பூரமும் வையுங்கள். தீயிலிருந்து திரிக்குச் சுடரை மாற்ற, நீளமான மெல்லிய மெழுகுத்திரி ஒன்று கையில் இருக்கட்டும். மூன்றடித் திரியைச் சாய்த்துத் தீயில் நீட்டினால் மேல்பகுதி உருகிச் சரியும்.

"கிறிஸ்துவின் ஒளி" மூன்று இடத்தில்: வாசல், கோயிலின் நடு, பீடத்தின் முன். இரண்டாவதற்குப் பிறகு மக்கள் தங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள், மூன்றாவதற்குப் பிறகு விளக்குகள். இங்கேதான் பெரிய சொதப்பல். இருட்டாக்க மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள், மைக்கும் போய்விடும். பாஸ்கா புகழுரை தொடங்கும்போது ஒலிபெருக்கி கொரகொரக்கும். விளக்குச் சுவிட்சுகளை மட்டும் அணைக்க, பகலிலேயே பலகையில் வண்ண டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். புகழுரை பாடும் இடத்தில் சின்ன வாசிப்பு விளக்கு ஒன்று. திரிக்கு மேலுள்ள விசிறி ஓடவே கூடாது.

வாசகங்களைக் குறைப்பது பற்றியும் கேட்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவசியமிருந்தால் மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் விடுதலைப் பயணம் 14-ஐ எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

திரியை முதல் நாள் குறைந்தது இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள், அப்போதுதான் மெழுகு விளிம்புவரை சீராக உருகும். அரை மணியில் அணைத்து அணைத்து ஏற்றினால் நடுவில் குழி விழுந்து, திரிநூல் உருகிய மெழுகில் மூழ்கும். மூழ்கினால் பஞ்சால் மெழுகை ஒற்றி எடுங்கள், நூலை வெட்டாதீர்கள். பெந்தெகொஸ்தே முடிந்ததும் திரி திருமுழுக்குத் தொட்டி அருகே போக வேண்டும், பீடத்தருகே நிற்கக் கூடாது.

2027 காலண்டரில் பொதுக்காலத்தின் ஐந்தாம் வாரத்துக்குப் பின் ஏழாம் வாரம் வருகிறது. அச்சுப் பிழையா? ஆகஸ்ட் 15 ஞாயிறாகவும் இருக்கிறதே, அன்று எதைக் கொண்டாடுவது?
— மறைக்கல்வி ஆசிரியை, தஞ்சாவூர்

பிழையல்ல. பொதுக்காலம் என்பது தவக்காலம், பாஸ்கா காலம் போன்றவற்றில் சேராத வாரங்கள். அதன் முன்பாதியை முன்னிருந்து எண்ணுகிறோம்: ஜனவரி 10 ஆண்டவரின் திருமுழுக்கு, 17 இரண்டாம் ஞாயிறு, பிப்ரவரி 7 ஐந்தாம் ஞாயிறு. அந்த வாரத்திலேயே தவக்காலம் வெட்டிவிடும். பின்பாதியைப் பின்னிருந்து எண்ண வேண்டும்: கிறிஸ்து அரசர் பெருவிழா நவம்பர் 21, அது எப்போதும் 34-ஆம் வாரம். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் பெந்தெகொஸ்தேக்கு மறுநாள், மே 17, ஏழாம் வாரத்தில் விழும். நடுவில் ஆறாவது காணாமல் போகும். 34 வாரமும் முழுதாகக் கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு.

ஞாயிறு நற்செய்தி வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும்; அந்த வாசக ஆண்டையும் இதோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. மீதி 1 என்றால் முதல் ஆண்டு, மத்தேயு. மீதி 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. 2027-க்கு மீதி 2. மாற்கு சிறிய நூல் என்பதால் பொதுக்காலத்தின் 17-ஆம் ஞாயிறு முதல் 21-ஆம் ஞாயிறு வரை ஐந்து ஞாயிறுகளுக்கு யோவான் 6-ஆம் அதிகாரத்தை வாசிப்போம்.

ஆகஸ்ட் 15 இங்கேதான் குறுக்கிடுகிறது. அன்று 20-ஆம் ஞாயிறு. மாதாவின் விண்ணேற்பு பெருவிழா என்பதால் பொதுக்கால ஞாயிறைவிட அதற்கே முன்னுரிமை; வெள்ளை உடை, விண்ணேற்பு வாசகங்கள். யோவான் 6-இல் 51 முதல் 58 வரையிலான பகுதி, "என் சதையை உண்டு என் இரத்தத்தைக் குடிப்பவர்" என்பது, அந்த ஆண்டு ஞாயிறு வாசகத்தில் வராமலே போகும். மறைக்கல்வி வகுப்பில் இந்த அதிகாரத்தைத் தொடராக நடத்துவதாக இருந்தால் அந்தப் பகுதியை ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாடத்தோடு சேர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினமுமாக இருப்பதால் கொடியேற்றம், மிட்டாய், சப்பர வேலை எல்லாம் ஒரே காலையில் வரும். அன்று வகுப்பே வைக்காமல் விட்டுவிடலாம்.